மூலிகை எப்போது மருந்தாகிறது?



திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூரைக் கடந்து மேற்கே செல்வோர், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த புளியஞ்சோலையை அடைவர். மலைமேல் ஆகாய கங்கை அருவியாக வீழ்கின்ற ஐயாறு, பாறைகளினூடே நெளிந்து இறங்கி இங்கே சமவெளியைத் தொடுகின்றது. விடுமுறை நாட்களில் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து நீராடுகின்றனர். "இது வெறும் தண்ணீர் அன்று, மூலிகைகளைத் தழுவி வரும் தண்ணீர்" என்று பெரியவர்கள் சொல்லச் சிறுவர்கள் இன்னும் ஒருமுறை மூழ்கி எழுகின்றனர். மலைமேல் சென்றால், ஆட்டுக் காலைப் போலவே உரோமம் படர்ந்த முடவன் ஆட்டுக்கால் கிழங்கை விற்பதைக் காணலாம். மூட்டு வலிக்கு அதன் சூப்பு கைகண்டது என்பர். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க காலம் முதலே புகழ்பெற்ற கொல்லிமலைக்கு, மூலிகை மலை என்னும் பெயரும் இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கும் தாவர அறிவைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை இம்மாதம் ஆராய விரும்புகிறோம். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே, "மலையில் இதற்கு ஒரு பச்சிலை இருக்கிறது, ஊசியும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம்" என்று ஆலோசனை கூற யாரேனும் ஒருவர் வந்துவிடுகிறார். அவர் சொல்வதை முற்றிலும் பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஏனெனில் புற்றுநோய்க்கான மருந்துகள் சில செடிகளிலிருந்தே கிடைத்தவை. அப்படியானால் செடியை நேரே அரைத்துக் குடித்தால் என்ன? இடையில் ஆய்வுக்கூடம் எதற்கு?

இதற்கு விடை காண, மனித உடலின் மிகச் சிறிய அறைக்குள் நாம் நுழைய வேண்டும். அவ்வறையே உயிரணு, செல் என்றும் அதனைச் சொல்கிறோம்.

உடல் என்னும் பெரு நகரம்

1665ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராபர்ட் ஹூக், தக்கைத் துண்டு ஒன்றை மெல்லியதாகச் சீவி நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேனடை போன்ற சின்னஞ்சிறு அறைகள் தென்பட்டன. அவற்றுக்கு அவர் இட்ட பெயரே செல் என்பது. எல்லாத் தாவரங்களும் எல்லா விலங்குகளும் இத்தகைய அணுக்களால் ஆனவை என்று ஜெர்மனி நாட்டின் ஷ்லெய்டனும் ஷ்வானும் 1838, 1839ஆம் ஆண்டுகளில் எடுத்துரைத்தனர். பின்னர் ருடால்ஃப் விர்ச்சோ என்னும் மருத்துவ மேதை, ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கும் என்றும், நோய் என்பதும் உயிரணுவில் நேரும் மாற்றமே என்றும் நிலைநாட்டினார்.

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 30 முதல் 37 இலட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரத்தத்தின் சிவப்பணுக்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்டவை அடங்கும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். மாண்டவற்றுக்கு ஈடாக, எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் புதிய சிவப்பணுக்கள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. இவ்வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடிக்குக் குறையாமல் பிறந்திருக்கும்!

பிறப்பும் இறப்பும் சமமாக நடக்கும்வரை உடல் நலமாக இருக்கின்றது. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்னும் கட்டளைகள் ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் எழுதப்பட்டிருக்கின்றன. அக்கட்டளைகள் பழுதுபட்டு, நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் பெருகும் அணுக்களின் கூட்டமே புற்றுநோய். அது வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. நம் வீட்டிலேயே பிறந்து ஒழுங்கை மறந்த பிள்ளை. அதனை ஒடுக்குவது கடினமாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. கிருமியைக் கொல்லும் மருந்து நம் அணுக்களைத் தொடாமல் விடக்கூடும். புற்றணுவைக் கொல்லும் மருந்தோ நல்ல அணுவையும் சிறிதேனும் தாக்காமல் விடுவது அரிது.

செங்காந்தள் காட்டிய இரகசியம்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் விதத்தை 1882ஆம் ஆண்டில் வால்தர் ஃப்ளெமிங் என்னும் ஜெர்மானியர் விரிவாக விளக்கி நூல் வெளியிட்டார். உட்கருவில் உள்ள குரோமோசோம்கள் முதலில் இரட்டிப்பாகின்றன. பின்னர் அவை நடுவில் அணிவகுத்து நிற்கின்றன. இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து அவற்றைப் பற்றி, பாதியை இப்பக்கமும் பாதியை அப்பக்கமும் இழுத்துச் செல்கின்றன. இராட்டையில் நூல் சுற்றும் கதிரைப் போல நடுவில் பருத்தும் முனைகளில் மெலிந்தும் இருப்பதால், இவ்விழைகளின் தொகுதியைக் கதிர் என்றே அழைக்கிறார்கள். இந்தக் கதிர் இழைகள் இல்லாவிடில் அணு பிரிய இயலாது.

இங்கேதான் நம் தமிழ் நிலத்து மலர் ஒன்று கதைக்குள் வருகின்றது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர் வரிசையில் முதலிடம் பெற்றது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. கார்த்திகைப் பூ என்றும், அதன் வேரடியைக் கலப்பைக் கிழங்கு என்றும் நாட்டுப்புறத்தில் சொல்வர். அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் கடும் நச்சுப்பொருள் உண்டு. கிழங்கை உண்டவர் உயிரிழக்க நேரிடும். ஆகையால் குழந்தைகள் உள்ள வீட்டுத் தோட்டத்தில் எச்சரிக்கை தேவை. ஆனால் அதே பொருள், மிகச் சிறிய அளவில், மருத்துவரின் கையில், யூரிக் அமிலத்தால் வரும் கடும் மூட்டு வலிக்கு மருந்தாகின்றது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விவசாயிகள் இவ்விதைக்காகவே கண்வலிக் கிழங்கு என்னும் பெயரில் இதனைப் பயிரிட்டு விற்கின்றனர்.

கோல்ச்சிசின் உயிரணுவுக்குள் என்ன செய்கின்றது? கதிர் இழைகள் உருவாவதைத் தடுத்துவிடுகின்றது. குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்து நின்றபடியே நிற்கின்றன. இழுத்துச் செல்ல ஆளில்லை. இத்தன்மையைப் பயன்படுத்திக் கொண்டு, ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவரும் ஆல்பர்ட் லெவான் என்பவரும் மனித அணுக்களின் குரோமோசோம்களைத் தெளிவாக எண்ணினர். அதுவரை 48 என்று உலகம் நம்பியிருந்தது. சரியான எண் 46 என்று 1956ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர்.

எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 1959இல் பாரிஸ் நகர ஆராய்ச்சியாளர்கள், டவுன் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளின் அணுக்களில் 47 குரோமோசோம்கள் இருப்பதைக் கண்டனர். தாயின் தீவினை, தந்தையின் குற்றம், கிரகணத்தின் கேடு என்றெல்லாம் அத்தகைய பெற்றோரைக் குத்திப் பேசிய பேச்சுகளுக்கு அன்றோடு ஆதாரம் அற்றுப்போயிற்று.

பின்னர் 1967ஆம் ஆண்டில், கோல்ச்சிசின் சென்று ஒட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடிய சிகாகோ ஆராய்ச்சியாளர்கள், கதிர் இழைகளைக் கட்டும் செங்கல் போன்ற ஒரு புரதத்தைக் கண்டனர். அதற்கு டியூபுலின் என்று பெயர் வந்தது. நஞ்சாக மட்டுமே அஞ்சப்பட்ட ஒரு பொருள், உயிரணுவின் கதவைத் திறக்கும் சாவியாயிற்று.

ஓர் உறையில் வந்த இலைகள்

செங்காந்தளின் நஞ்சு புற்றுநோய்க்கு மருந்தாகப் பயன்படவில்லை. கொல்லும் அளவுக்கும் குணமாக்கும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி அதில் இல்லை. ஆனால் அதே கதிரைத் தாக்கும் மற்றொரு செடி நம் வீட்டு வாசல்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கின்றது. அதுவே நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சில ஊர்களில் சொல்வர். மடகாஸ்கர் தீவுக்குரிய இச்செடி உலகின் வெப்ப நாடுகளெங்கும் பரவி, நீரிழிவுக்குக் கைமருந்தாகப் பல இடங்களில் பெயர் பெற்றிருந்தது.

1952ஆம் ஆண்டில், கனடாவில் வாழ்ந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு, ஜமைக்கா தீவிலிருந்து ஓர் உறையில் இவ்விலைகள் வந்து சேர்ந்தன. அங்குள்ளோர் நீரிழிவுக்கு இதனைக் கொதிக்க வைத்துக் குடிக்கின்றனர் என்பது செய்தி. அவர் அவற்றைத் தம் தம்பியும் ஆராய்ச்சியாளருமான ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். எலிகளுக்குச் சாற்றைப் புகட்டிப் பார்த்தனர். இரத்தத்தில் சர்க்கரை குறையவே இல்லை. சாற்றை ஊசி மூலம் செலுத்தினர். எலிகள் சில நாட்களில் நோய்த் தொற்றால் இறந்தன.

இது தோல்வி என்று கைவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். "தொற்று ஏன் வந்தது?" என்று அவர்கள் மேலும் கேட்டனர். இறந்த எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. அப்படியானால், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமன்றோ? சார்ல்ஸ் பியர் என்னும் வேதியியலர் துணையுடன், இலையில் அடங்கிய பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து 1958ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் இதே செடியை ஆராய்ந்து, வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு பொருளைக் கண்டனர். அது 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. இன்றளவும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதற்குத் தனியிடம் உண்டு.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?

போதாது, ஆபத்தும் ஆகும். காரணங்களைப் பாருங்கள். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுப்பதற்கு உலர்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோ தேவைப்படுகின்றது. மழையிலும் வெயிலிலும் மண்ணிலும் வளர்ந்த ஒவ்வோர் இலையிலும் அதன் அளவு வேறுபடும். நோயாளிக்குக் கொடுக்கும் அளவோ மிக நுண்ணியது. வளர்ந்தவர்களுக்குக்கூட ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பெரும்பாலும் கொடுப்பதில்லை. குழந்தையின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டே அளவை முடிவு செய்கின்றனர். அதுவும் நரம்பு வழி ஊசியாக மட்டுமே செலுத்த வேண்டும். சிரையை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகும். தண்டுவட நீரில் தவறிச் செலுத்தினால் உயிர் போகும். அளவு மிஞ்சினால் கைகால் மரத்துப்போகும். குடல் அசைவு நின்று மலம் கட்டும். ஏனெனில் கதிரைக் கட்டும் அதே டியூபுலின் புரதமே நரம்புகளுக்குள்ளும் நுண்குழல்களாக நின்று பணியாற்றுகின்றது. இதே இலையில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் வேறு பொருள்களும் கலந்திருக்கின்றன. ஒரு கிண்ணம் கஷாயத்தில் எது எவ்வளவு இருக்கின்றது என்று யார் சொல்ல இயலும்?

ஆகவே செடி வேறு, மருந்து வேறு. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த அணுவில், என்ன தீங்குடன் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே மூலிகை மருந்தாகின்றது.

எஞ்சி நிற்கும் ஆயிரம் கோடி

வின்கிரிஸ்டின் தனியாக நின்று வெற்றி காணவில்லை. அதற்கு முன்னரே இத்துறையில் வழி திறந்தவர் நம் நாட்டவர். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்கா சென்ற அவர், உயிரணுவின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளை ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து ஆராய்ந்து 1929இல் வெளியிட்டார். பின்னர் அவர் தலைமையிலிருந்த குழு, போலிக் அமிலத்தைப் போலத் தோன்றி உயிரணுவை ஏமாற்றும் மருந்துகளை உருவாக்கியது. உண்மையான வைட்டமின் என்று நம்பி ஏற்றுக்கொண்ட புற்றணு, புதிய டி.என்.ஏ. செய்ய இயலாமல் திகைத்து நின்றது. அவற்றுள் ஒன்றைக் கொண்டு பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் கிட்டியதை 1948ஆம் ஆண்டில் அறிவித்தார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அக்குடும்பத்தைச் சேர்ந்த மீதோட்ரெக்ஸேட் இன்றும் சிகிச்சையில் உள்ளது.

தனித்தனியே கொடுத்தபோது இம்மருந்துகள் சில மாத நிவாரணமே தந்தன. ஒன்று டி.என்.ஏ.வைத் தடுக்க, ஒன்று கதிரைத் தடுக்க, மற்றொன்று வேறு வழியில் தாக்க, எல்லாவற்றையும் முறையாகச் சேர்த்துக் கொடுத்தபோதே குணம் கண்டது. 1960களின் தொடக்கத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் இறந்தனர். இன்று உலகின் சிறந்த மையங்களில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். நம் நாட்டிலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் தொடங்கப்பெற்று, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்த அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலிய இடங்களில் குணமடைந்து, படித்து, மணம் புரிந்து, பிள்ளை பெற்றவர்கள் உளர்.

ஆனால் பெற்றோர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. இதனைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

நோய் கண்டறியப்படும் நாளில் குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கின்றன. முதல் ஒரு மாதச் சிகிச்சையில் நூற்றில் 99 பங்கு மடிந்துவிடுகின்றன. காய்ச்சல் நிற்கின்றது, முகம் தெளிகின்றது, குழந்தை விளையாடத் தொடங்குகின்றது. இரத்தத்தை நுண்பெருக்கியில் பார்த்தாலும் நோய் தென்படுவதில்லை. "குணமாயிற்று" என்று குடும்பம் மகிழ்கின்றது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஓர் இலட்சம் கோடியில் 99 பங்கு போனாலும் மீதம் ஆயிரம் கோடி! அவை கண்ணுக்குத் தெரியாமல் மஜ்ஜையில் பதுங்கியிருக்கின்றன. இதற்காகவே சிகிச்சையை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக்கின்றனர்.

இந்த இடைவேளையில்தான் பலர் சிகிச்சையை நிறுத்திவிடுகின்றனர். பணம் தீர்ந்து போகின்றது. வேலைக்குப் போக வேண்டியிருக்கின்றது. வீட்டில் மற்றப் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். "பிள்ளைதான் தேறிவிட்டானே, இனி ஊசியால் அவனை ஏன் வதைக்க வேண்டும்? மீதியை மூலிகை பார்த்துக்கொள்ளும்" என்று உறவினர் சொல்லும் சொல், களைத்துப்போன தாய் தந்தையரின் செவியில் தேனாக விழுகின்றது. சில மாதங்களில் அந்த ஆயிரம் கோடி மீண்டும் இலட்சம் கோடியாகின்றது. இம்முறை மருந்துக்கு அடங்காத அணுக்களே முன்னின்று பெருகுவதால், நோயை வெல்வது முன்னிலும் கடினமாகின்றது. முதல் முறை கையில் இருந்த வாய்ப்பு இரண்டாம் முறை அவ்வளவாக இருப்பதில்லை. இக்குழந்தைகளைப் பறிப்பது நோய் மட்டுமன்று; எண்ணிப் பார்க்கப்படாத அந்த மீதியும்தான்.

கண்ணாடித் தட்டில் நடந்த வெற்றி

"கொல்லிமலை மூலிகை புற்றுநோயைக் கொல்லுகிறது, கல்லூரி ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பு" என்பது போன்ற செய்திகள் நாளேடுகளில் அவ்வப்போது வெளிவருகின்றன. இவை பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. அங்கே நடப்பது என்ன என்று தெரிந்துகொள்வோம்.

மனித உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் அணுக்கள் ஆய்வுக்கூடங்களில் உள்ளன. அவற்றுள் மிகப் பழமையானதும் புகழ்பெற்றதும் ஹீலா என்பது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் ஐந்து பிள்ளைகளின் தாய் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார். சிகிச்சையின்போது அவருடைய கட்டியிலிருந்து எடுத்த அணுக்கள் கண்ணாடிக் குப்பியில் இடையறாது பெருகின. போலியோ தடுப்பு மருந்தின் சோதனைக்கும் அவையே உதவின. ஆனால் அந்தத் தாயிடமோ குடும்பத்தாரிடமோ ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. அவ்வணுக்களால் பலர் பொருள் ஈட்டியிருக்க, அவருடைய குடும்பத்தார் நெடுங்காலம் ஒன்றும் பெறவில்லை. வழக்குத் தொடுத்த பின்னர் 2023இல் ஒரு நிறுவனம் அவர்களுடன் சமரசம் செய்துகொண்டது. ஓர் அணுவும் யாரோ ஒரு மனிதரின் பங்கு என்பதை விஞ்ஞானம் காலங்கடந்தே கற்றுக்கொண்டது.

நம் நாட்டில் புனே நகரிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் இத்தகைய அணுக்களைப் பேணி ஆய்வுக்கூடங்களுக்கு அளிக்கின்றது. சிறு குழிகள் கொண்ட தட்டில் அணுக்களை இட்டு, மூலிகைச் சாற்றைச் சேர்த்து, ஓரிரு நாட்கள் கழித்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைக் கலக்கின்றனர். உயிருள்ள அணுக்கள் அதனை ஊதா நிறமாக மாற்றும், இறந்தவை மாற்றா. ஊதா நிறம் குறையக் குறைய, அணுக்கள் மடிந்தன என்று கணக்கிடுகின்றனர்.

இது நல்ல முதற்படி. ஆனால் உப்பையும் காடியையும் மிகுதியாக ஊற்றினாலும் தட்டிலுள்ள அணுக்கள் மடியும்! அச்சாறு நல்ல அணுக்களையும் கொல்லுமா? வயிற்றில் செரித்து, கல்லீரலைக் கடந்து, கட்டி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா? எவ்வளவு கொடுத்தால் நஞ்சு? இக்கேள்விகளுக்கு விலங்குகளிலும், பின்னர் மனிதர்களிலும் படிப்படியாக விடை காண வேண்டும். நித்தியகல்யாணிக்கே இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. தட்டில் வென்றவை பல. அவற்றுள் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தவை மிகச் சில.

மலை மக்களுக்கு உரியது

நித்தியகல்யாணியின் கதையில் ஒரு குறை உண்டு. அச்செடியின் தாயகமான மடகாஸ்கரின் ஏழை மக்களோ, அதன் குணத்தைக் கைவைத்தியத்தில் போற்றி வந்த ஜமைக்கா மக்களோ, அம்மருந்தின் இலாபத்தில் பங்கு பெறவில்லை. நம் நாட்டில் வேறு விதமாகவும் நடந்திருக்கின்றது. பொதிகையைச் சார்ந்த அகத்தியர் மலைப் பகுதியில் வாழும் காணி மக்கள், களைப்பின்றி நடக்க மென்று தின்னும் ஒரு காட்டுக் கனியை 1987இல் ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் கொண்டு திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா நிலையம் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. நடைமுறையில் இடர்கள் நேர்ந்தாலும், வழிகாட்டிய முயற்சி அது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டம் இத்தகைய பங்கீட்டை நாட்டின் நெறியாகவே ஆக்கியிருக்கின்றது.

கொல்லிமலையில் நாளை ஒரு நல்ல மருந்து பிறந்தால், அதன் முதற்பங்கு அச்செடியைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மலைவாழ் மக்களுக்கு உரியது. அதுவரை அச்செடி அங்கே உயிரோடு இருக்க வேண்டும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி மெல்ல வளரும் கிழங்குகளை வருவோரெல்லாம் விலை கொடுத்து வாங்கிச் சென்றுகொண்டேயிருந்தால், ஒரு நாள் பாறை மட்டுமே மிஞ்சும்.

குடும்பத்தார் செய்ய வேண்டுவன

குழந்தைக்குக் காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், நாளுக்கு நாள் வெளிறும் முகம், ஈறுகளில் இரத்தக் கசிவு, அடிபடாமலே தோலில் தோன்றும் நீலத் தழும்புகள், இரவில் அழவைக்கும் எலும்பு வலி, கழுத்தில் நெறிக்கட்டு ஆகியவை கண்டால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெரும்பாலும் வேறு எளிய காரணமாகவே இருக்கும். இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

நோய் உறுதியானால் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளிலும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு உதவி உண்டு. எத்தனை மாதங்கள், எத்தனை ஊசிகள் என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் ஏதேனும் மூலிகை கொடுத்து வந்தால் அதனை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில செடிகள் மருந்தின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும். கேட்டால் கோபிப்பாரோ என்னும் தயக்கம் வேண்டாம்; சொல்லாமல் விடுவதே தீங்கு.

அக்கம்பக்கத்தாரும் உறவினரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயுற்ற வீட்டுக்குப் புதிய மருந்தின் பெயரைச் சுமந்து போவதைவிட, ஒரு வேளைச் சோற்றைச் சுமந்து போவது மேல். பேருந்துச் செலவுக்கு உதவுங்கள். மற்றப் பிள்ளைகளை ஒரு வாரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையை இடையில் நிறுத்த வைப்பது பெரும்பாலும் நம்பிக்கைக் குறைவு அன்று, களைப்பே. அக்களைப்பைப் பங்கிட்டுக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

புளியஞ்சோலைக்குப் போங்கள், ஐயாற்றில் ஆசை தீர நீராடுங்கள், மலையின் காற்றைச் சுவாசியுங்கள். ஆனால் மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில் மருத்துவமனையில் இருங்கள். அங்கே குழந்தையின் கையில் துளித்துளியாக இறங்கும் அம்மருந்தும் ஒரு காலத்தில் இலையாக இருந்ததுதான்.